கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை: மெல்லிய மடிக்கணினிகளின் கதை

மடிக்கணினி வாங்கப் போகிறவர் கடையில் முதலில் என்ன செய்வார்? கையில் தூக்கிப் பார்ப்பார். எவ்வளவு கனம், எவ்வளவு தடிமன், மூடி வைத்தால் எப்படி இருக்கிறது... இதெல்லாம் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் உள்ளே இருக்கும் ப்ராசஸர் ஒரு மணி நேரம் தொடர்ந்து உழைத்தால் சூடு தாங்குமா, விசைப்பலகை இரண்டு வருஷம் ஓடுமா, பேட்டரி போனால் வீட்டிலேயே மாற்ற முடியுமா என்பதெல்லாம் கடையில் தெரியாது. வாங்கிய பிறகு மெதுவாகத்தான் தெரியவரும்.

கணினித் தயாரிப்பாளர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் கடந்த நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் கனத்தைக் குறைக்க எதை எதையோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். சில நேரம் ஃப்ளாப்பி, சில நேரம் விசிறி, சில நேரம் வேகம், சில நேரம் விசைகளின் ஆழம். இதில் எந்தக் கணினி பிழைத்தது, எது மறைந்தது என்று வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். எவ்வளவு கழற்றினார்கள் என்பது பெரிய கேள்வியே இல்லை. எதைக் கழற்றினார்கள், அது யாருக்குத் தேவைப்படாதது என்பதுதான் கேள்வி.

பதினோரு கிலோ "கையடக்கம்"

1981 ஏப்ரலில் சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு கணினிக் கண்காட்சியில் ஆஸ்போர்ன் 1 என்ற பெட்டி அறிமுகமானது. தையல் மெஷின் பெட்டி அளவு. எடை சுமார் 11 கிலோ. நடுவில் 5 அங்குலத் திரை. ஒரு வரியில் 52 எழுத்துகள்தான் தெரியும். பேட்டரி கிடையாது, போகிற இடத்தில் மின் இணைப்பு இருந்தால்தான் ஓடும். ஆனாலும் விமான இருக்கைக்கு அடியில் தள்ளிவிட முடிந்த அளவில் இருந்ததால் அதைக் கையில் எடுத்துச் செல்லும் கணினி என்றே விற்றார்கள். விலை 1,795 டாலர். சொற்செயலி, கணக்குத்தாள் போன்ற மென்பொருள்களும் அதே விலைக்குள் அடக்கம்.

இதை உருவாக்கிய ஆடம் ஆஸ்போர்னுக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு. அவர் பாங்காக்கில் பிறந்தவர். அவருடைய தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன், ரமண மகரிஷியின் பக்தர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிறுவன் ஆடம் தாயுடன் திருவண்ணாமலையில் இருந்தார். பிறகு இங்கிலாந்து, அமெரிக்கா என்று போய் வேதிப் பொறியாளராகி, கணினிப் புத்தகங்கள் எழுதி, கடைசியில் கணினியே செய்தார். கடைசிக் காலத்தில் திரும்பி வந்து, 2003ல் கொடைக்கானலில் காலமானார்.

ஆஸ்போர்னின் வாதம் எளிமையானது. போதுமான அளவு இருந்தால் போதும், அதற்கு மேல் எல்லாம் வீண். அவருடைய கணினி அன்றைய மேசைக் கணினிகளைவிட வேகமானதல்ல, அழகானதும் அல்ல. வாங்கியவர்களுக்குத் தேவைப்பட்டதைச் செய்தது. அதனால் விற்றது. அடுத்த மாடல் வரப்போகிறது என்ற செய்தி முன்கூட்டியே கசிந்ததால் விற்பனை நின்றது என்று சொல்வார்கள். போட்டியும் கடன் சுமையும் சேர்ந்துகொள்ள, 1983 செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. ஆனால் "போதுமானது எது?" என்று அவர் கேட்ட கேள்வி மட்டும் திவாலாகவில்லை. இந்தக் கதை முழுக்க அது திரும்பத் திரும்ப வரும்.

அதிகாரிக்கு ஒன்று, நிருபருக்கு ஒன்று

ஆஸ்போர்ன் வந்த அடுத்த வருஷமே, 1982ல், கிரிட் காம்பஸ் என்ற கணினி வந்தது. இன்றைய மடிக்கணினிகளின் தோற்றத்துக்கு அதுதான் பாட்டன். சிப்பி போல மூடித் திறக்கும் உடல், திரை மூடியில், விசைகள் அடியில். இந்த வடிவத்தை வரைந்தவர் பில் மாக்ரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர். உடல் மக்னீசியம் உலோகக் கலவை. உள்ளே இன்டெல் 8086 ப்ராசஸர். தகவலைச் சேமிக்க நகரும் பாகமே இல்லாத 340 கிலோபைட் பபிள் மெமரி. எடை 5 கிலோவுக்குள். நாசா தன் விண்வெளி ஓடங்களில் இதைக் கொண்டுபோனது.

விலை? 8,150 டாலர்! அன்றைக்கு அமெரிக்காவிலேயே ஒரு காரின் விலை. இதற்கும் பேட்டரி கிடையாது. அரசுத் துறைகளும் பெரிய நிறுவன அதிகாரிகளும்தான் வாங்க முடிந்தது.

1983ல் வந்த டி.ஆர்.எஸ்.-80 மாடல் 100 இதற்கு நேர் எதிர். ஜப்பானின் கியோசெரா தயாரித்து, அமெரிக்காவில் ரேடியோ ஷாக் கடைகள் விற்றன. ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் மாதிரி இருக்கும். மூடி கிடையாது, ஸ்டைல் கிடையாது. திரையில் 8 வரிகள், வரிக்கு 40 எழுத்துகள். ப்ராசஸர் வேகம் 2.4 மெகாஹெர்ட்ஸ். ஆனால் பெட்டிக் கடையில் கிடைக்கும் நான்கு பென்சில் பேட்டரிகளில் சுமார் 20 மணி நேரம் ஓடும். முழு அளவு விசைப்பலகை. உள்ளேயே மோடம். எடை சுமார் 1.4 கிலோ.

பத்திரிகை நிருபர்கள் இதை விடவே இல்லை. விளையாட்டு மைதானத்தில் உட்கார்ந்து செய்தியை அடித்து, தொலைபேசி வழியே அலுவலகத்துக்கு அனுப்பிவிடலாம். எழுதுகிறவருக்கு 8 வரி போதும். ஆனால் விசைகள் நன்றாக இருக்க வேண்டும், பேட்டரி நடுவில் போகக் கூடாது. மாடல் 100 விட்டுக்கொடுத்ததெல்லாம் நிருபருக்குத் தேவையில்லாதவை. வைத்துக்கொண்டதெல்லாம் அவருக்கு உயிர் போன்றவை. சந்தையில் இருந்து போய்ப் பல ஆண்டுகள் கழித்தும் அதைப் பயன்படுத்தியவர்கள் இருந்தார்கள்.

ஆப்பிள் கற்ற 7 கிலோ பாடம்

எதையுமே விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றால் என்ன ஆகும்? 1989ல் ஆப்பிள் அதைச் செய்து பார்த்தது. மேகின்டாஷ் போர்ட்டபிள் என்று பெயர். அருமையான, தெளிவான திரை. 16 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர். பல மணி நேரம் தாங்கும் பேட்டரி... ஆனால் அது ஸ்கூட்டரிலும் காரிலும் இருக்கிற அதே ஈய-அமில வகை. மொத்த எடை 7 கிலோவுக்கு மேல். விலையும் 6,000 டாலருக்கு மேல். பெயர்தான் போர்ட்டபிள், தூக்கிக்கொண்டு போக யாரும் தயாராக இல்லை.

இரண்டே ஆண்டில், 1991 அக்டோபரில், பவர்புக் வரிசை வந்தது. அதில் சிறியதான பவர்புக் 100-ஐ உருவாக்க சோனி உதவியது. உள்ளே கிட்டத்தட்ட அதே 16 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர்தான். எடை மட்டும் 2.3 கிலோ, அதாவது மூன்றில் ஒரு பங்கு! முக்கியமாகக் கழற்றியது ஃப்ளாப்பி ட்ரைவை. அதைத் தனியாக வெளியே இணைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு காரியமும் செய்தார்கள். அதுவரை விசைகள் கணினியின் முன் விளிம்பில் இருந்தன. பவர்புக் அவற்றைத் திரைப் பக்கம் தள்ளி, முன்னால் மணிக்கட்டை வைக்க இடம் விட்டது. நடுவில் சுட்டியை நகர்த்த ஓர் உருண்டை. இதனால் கிராம் எதுவும் குறையவில்லை. ஆனால் மணிக்கணக்கில் தட்டச்சு செய்கிறவருக்குக் கை வலி குறைந்தது. இன்று உலகில் விற்கும் ஏறக்குறைய எல்லா மடிக்கணினியும் இந்த அமைப்பில்தான் இருக்கிறது.

ஜப்பானியர்களின் காலம்

1990களில் மெலிவுப் போட்டி சூடு பிடித்தது. 1995ல் ஐ.பி.எம். கொண்டு வந்த திங்க்பேட் 701 ஒரு பொறியியல் வித்தை. சின்னக் கணினியில் விசைகளும் சின்னதாக இருக்க வேண்டும் என்பது அதுவரை இருந்த விதி. ஜான் கரிடிஸ் என்ற பொறியாளர் விசைப்பலகையை மூலைவிட்டமாக இரண்டாக வெட்டினார். மூடியைத் திறந்தால் இரு துண்டுகளும் நகர்ந்து, கணினியைவிட அகலமாக விரிந்து ஒன்றாகச் சேரும். பட்டாம்பூச்சி என்று செல்லப் பெயர். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வரை போனது. ஆனால் சந்தையில் நெடுநாள் நிற்கவில்லை. அது 486 ப்ராசஸருடன் வந்தபோது மற்றவர்கள் பென்டியத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். திரைகளும் பெரிதாகி, கணினியே அகலமானது. மடித்து வைக்கும் தேவையே போய்விட்டது.

1996ல் ஜப்பானில் தோஷிபா லிப்ரெட்டோ வந்தது. வீடியோ கேசட் அளவு, 850 கிராமுக்குள் எடை, 6.1 அங்குலத் திரை. அதில் விண்டோஸ் 95 முழுசாக ஓடும்! பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள். ஆனால் அந்தக் குட்டி விசைகளில் பத்துப் பக்கம் அடிக்கப் பொறுமை வேண்டும்.

1997 கடைசியில் சோனியின் வையோ 505 வந்தது. சுமார் 24 மி.மீ. தடிமன், 1.35 கிலோ, வெள்ளியும் ஊதாவும் கலந்த மக்னீசியம் உடல். கணினி என்றாலே கறுப்பு அல்லது சாம்பல் நிறப் பிளாஸ்டிக் என்றிருந்த காலத்தில் அது நகைக்கடைப் பொருள் போல இருந்தது. டெயூ கோட்டோ என்ற வடிவமைப்பாளரின் கைவண்ணம். மடிக்கணினியை மற்றவர் பார்க்கும்படி கையில் பிடித்துக்கொண்டு நடப்பது என்ற பழக்கம் வளர்ந்ததில் வையோவுக்குப் பெரிய பங்குண்டு.

அதே ஜப்பானில் இன்னொரு நிறுவனம் வேறு பாதையில் போனது. பானசோனிக்கின் லெட்ஸ் நோட் கணினிகளை யாரும் அழகு என்று சொல்ல மாட்டார்கள். மூடியின் மேல் கார் பானட் போல மேடு பள்ளம். அந்த மேடு பள்ளம் அலங்காரம் இல்லை. டோக்கியோவின் நெரிசல் ரயிலில் பையோடு சேர்த்து நசுங்கினாலும் திரை உடையாமல் இருக்கத்தான் அந்த வடிவம். 2002ல் வந்த ஆர்1 மாடல் 960 கிராம். 2003ல் வந்த டபிள்யூ2, 12 அங்குலத் திரையையும் டி.வி.டி. ட்ரைவையும் 1.3 கிலோவுக்குள் அடக்கியது. வையோ பார்ப்பவரை நினைத்துச் செய்யப்பட்டது என்றால், லெட்ஸ் நோட் சுமப்பவரை நினைத்துச் செய்யப்பட்டது. அலுவலகம் போகிறவர்கள் அதை விடாமல் வாங்கினார்கள்.

சூடு என்ற சுவர்

கனத்தைக் குறைத்தால் வேகம் ஏன் குறைகிறது? இதற்குப் பதில் சூடு.

ப்ராசஸர் செலவழிக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. அந்த மின்செலவு கடிகார வேகத்தைப் பொறுத்து ஏறும். மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தும் ஏறும். மின்னழுத்தத்தை 20 சதவீதம் குறைத்தால், அதனால் மட்டுமே செலவு 36 சதவீதம் குறையும். ஆனால் மின்னழுத்தம் குறைந்தால் சிப் அதே வேகத்தில் ஓட முடியாது, வேகத்தையும் குறைக்க வேண்டும். விரலுக்கேற்ற வீக்கம்தான்.

டீக்கடைக்காரர் டீயை ஏன் உயரத் தூக்கி ஆற்றுகிறார்? காற்று பட வேண்டும், பரப்பு வேண்டும். மெல்லிய பெட்டிக்குள் இரண்டும் இல்லை. பெரிய விசிறிக்கு இடமில்லை, காற்று ஓட இடைவெளியில்லை. பேட்டரியும் சின்னது. எனவே மெல்லிய கணினிக்கு மெதுவான, குறைந்த மின்னழுத்த சிப்பைத்தான் போட முடிந்தது. 2007 வாக்கில் இன்டெல்லின் சாதாரண மடிக்கணினி சிப் சுமார் 35 வாட் என்றால், மிகக் குறைந்த மின்னழுத்த வகை 10 வாட். அந்த வித்தியாசம் வேகத்தில் அப்படியே தெரியும்.

இந்தச் சுவரை உடைக்க முதலில் முயன்றது டிரான்ஸ்மெட்டா என்ற சிறு நிறுவனம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது அங்கே வேலை பார்த்தார். 2000 ஜனவரியில் க்ரூசோ என்ற சிப்பை அறிவித்தார்கள். இன்டெல் சிப்புக்கான கட்டளைகளை மென்பொருள் மூலமே மொழிபெயர்த்து ஓட்டும் உத்தி. மின்செலவு குறைந்தது உண்மை. சோனியும் ஃபுஜிட்சுவும் வாங்கிப் போட்டன. ஆனால் அந்த மொழிபெயர்ப்பு வேலையே நேரத்தைத் தின்றது. வாங்கியவர்களுக்கு வேகம் போதவில்லை. 2005ல் டிரான்ஸ்மெட்டா சிப் வியாபாரத்தைப் பெருமளவு விட்டுவிட்டு உரிமம் விற்கும் நிறுவனமாக மாறியது.

இன்டெல் விழித்துக்கொண்டது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் இருந்த அதன் குழு உருவாக்கிய பென்டியம் எம், 2003 மார்ச்சில் வந்தது. கடிகார வேகத்தை ஏற்றுவதே முன்னேற்றம் என்று பென்டியம் 4 ஓடிக்கொண்டிருந்தபோது, குறைந்த கடிகார வேகத்திலும் அதற்கு ஈடாக வேலை செய்ய முடியும் என்று இந்தச் சிப் காட்டியது.

அந்தச் சிப்பின் மெதுவான வகையைக் கொண்டு சோனி 2003 இறுதியில் வையோ எக்ஸ்505-ஐச் செய்தது. மிக மெல்லிய இடத்தில் 9.7 மி.மீ. கார்பன் இழை உடல் கொண்ட வகை 800 கிராம்கூட இல்லை. விலை சுமார் 3,000 டாலர். விசைகளை மறுபடி முன் விளிம்புக்குக் கொண்டுவந்தார்கள், மணிக்கட்டு வைக்க இடமில்லை. பவர்புக் 12 ஆண்டுக்கு முன் தீர்த்து வைத்த வலியைத் தடிமனுக்காகத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் அதிகம், வாங்கியவர்கள் குறைவு.

2008: ஒரே மாதிரி சிப், இரண்டு கணக்கு

2008 ஜனவரி 15 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஒரு காகித உறையிலிருந்து மேக்புக் ஏரை உருவி எடுத்தார். முனையில் 4 மி.மீ., தடித்த இடத்தில் 19.4 மி.மீ., 1.36 கிலோ. இதற்காகவே இன்டெல் தன் சிப்பின் வெளி உறையைச் சிறிதாக்கிக் கொடுத்திருந்தது. திரையும் விசைப்பலகையும் முழு அளவு. அந்த இரண்டிலும் கை வைக்கவில்லை. ஆனால் டி.வி.டி. ட்ரைவ் இல்லை, ஈதர்நெட் இல்லை, யூ.எஸ்.பி. போர்ட் ஒன்றே ஒன்று. ரேம் 2 ஜி.பி., போர்டோடு ஒட்டியது. பேட்டரி உள்ளே மூடியது. விலை 1,799 டாலர். உள்ளே இருந்த ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 4,200 சுற்று சுற்றும் மெதுவான வகை. வீடியோ ஓடவிட்டால் சூடேறித் தடுமாறுகிறது என்ற புகார்களும் வந்தன.

அடுத்த மாதமே லெனோவோ திங்க்பேட் எக்ஸ்300-ஐ வெளியிட்டது. அதே சிறிய உறை சிப்தான், ஆனால் 1.2 கிகாஹெர்ட்ஸ் என்ற மெதுவான வகை, 12 வாட். ஏரின் சிப் 1.6 கிகாஹெர்ட்ஸ், 20 வாட். லெனோவோ வேகத்தைக் குறைத்து அந்த இடத்தில் மற்றதையெல்லாம் வைத்தது: டி.வி.டி. ட்ரைவ், ஈதர்நெட், மூன்று யூ.எஸ்.பி., கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி. நகரும் பாகமில்லாத 64 ஜி.பி. எஸ்.எஸ்.டி. அதன் எல்லா மாடலிலும் இருந்தது. தோற்றம் வழக்கமான கறுப்புப் பெட்டி. விலை ஏரைவிட நிறையவே அதிகம்.

அன்றைக்கு இந்த இரண்டையும் ஒப்பிட்டவர்கள் பலர் எக்ஸ்300 தான் அறிவாளியின் தேர்வு என்றார்கள். சில ஆண்டுகளில் விடை மாறியது. டி.வி.டி.யும் ஈதர்நெட்டும் பெரும்பாலோருக்குத் தேவைப்படாமல் போயின. ஆப்பிள் கழற்றியது நாளைக்குத் தேவைப்படாததை. ஆனால் எக்ஸ்300 வைத்திருந்த ஒன்று ஏருக்குத் தேவைப்பட்டது: எஸ்.எஸ்.டி.

2010 அக்டோபரில் வந்த புதிய ஏரில் ஹார்டு டிஸ்க் கிடையாது, எல்லாமே எஸ்.எஸ்.டி. 11 அங்குல மாடலின் சிப் 1.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது 2008ல் வந்ததைவிடக் குறைந்த கடிகார வேகம்! ஆனாலும் பயன்படுத்தியவர்களுக்கு அது வேகமாகத் தெரிந்தது. ஒரு கோப்பைத் திறக்கக் காத்திருக்கும் நேரம்தான் சாதாரண ஆளுக்கு "வேகம்". அந்த நேரத்தை வீணாக்கியது ப்ராசஸர் இல்லை, சுழலும் தட்டு. விலையும் 999 டாலருக்கு இறங்கியது. அடுத்த ஆண்டே, 2011ல், இன்டெல் அல்ட்ராபுக் என்ற பெயரை அறிவித்து, விண்டோஸ் கணினித் தயாரிப்பாளர்களையும் அந்தப் பாதைக்கு அழைத்தது. சிறிய திரை என்றால் 18 மி.மீ.க்குள் தடிமன், குறைந்தது 5 மணி நேர பேட்டரி, ஆழ்ந்த தூக்கத்திலிருந்து 7 வினாடிக்குள் விழிப்பு என்று நிபந்தனைகள்.

920 கிராம், இரண்டு முறை

எடை மட்டும் ஒரு கணினியைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். 2007 இறுதியில் வந்த ஆசஸ் ஈ பி.சி. 701-ன் எடை சுமார் 920 கிராம். 2015ல் வந்த 12 அங்குல மேக்புக்கின் எடையும் 920 கிராம்.

ஈ பி.சி. விலை சுமார் 400 டாலர். 7 அங்குலத் திரை, 4 ஜி.பி. சேமிப்பு, லினக்ஸ். 900 மெகாஹெர்ட்ஸ் சிப்பை 630 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்து ஓட்டினார்கள். பிளாஸ்டிக் உடல். ஆனால் இணையம் பார்க்கவும் மின்னஞ்சல் எழுதவும் அது போதும். அதைப் பார்த்து நெட்புக் என்ற ஒரு கூட்டமே கிளம்பியது. அந்தக் கூட்டம் பின்னால் சரிந்ததற்குக் காரணம், மலிவான கணினியில் எல்லாரும் முழு விண்டோஸின் வேலையை எதிர்பார்த்ததும், 2010ல் ஐபேட் வந்து பார்க்கும், படிக்கும் வேலையை எடுத்துக்கொண்டதும்தான்.

2015 மேக்புக் 1,299 டாலர். 13.1 மி.மீ., விசிறியே இல்லை, 4.5 வாட் சிப். கண்ணைப் பறிக்கும் திரை. ஒரே ஒரு யூ.எஸ்.பி.-சி போர்ட், மின்சாரமும் அதிலேதான். தடிமனைக் குறைக்க விசைகளுக்கு அடியில் பட்டாம்பூச்சி என்ற புதிய அமைப்பு. 1995ல் அதே பெயர் விசைப்பலகையைப் பெரிதாக்கியது. இந்த முறை ஒல்லியாக்கியது. விசை அழுந்தும் ஆழம் வெகுவாகக் குறைந்தது. ஒரு தூசி உள்ளே போனாலும் விசை சிக்கிக்கொள்ளும், அல்லது ஒரு தடவை தட்டினால் இரண்டு எழுத்து விழும். அந்த அமைப்பு ஆப்பிளின் மற்ற மடிக்கணினிகளுக்கும் பரவியது, புகாரும் பரவியது. 2018ல் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவிக்க வேண்டியதாயிற்று. 2019ல் 12 அங்குல மேக்புக் நிறுத்தப்பட்டது. 2022ல் அமெரிக்க வழக்கு ஒன்றை முடிக்க 5 கோடி டாலர் தர ஆப்பிள் ஒப்புக்கொண்டது.

ஈ பி.சி. வேகத்தை விட்டது, விலை குறைந்ததால் வாங்கியவர் பொறுத்துக்கொண்டார். மேக்புக் கை வைத்தது நாள் முழுக்க விரல் படும் இடத்தில். அதை யாரும் பொறுக்கவில்லை. 2021ல் ஆப்பிளே தன் பெரிய மேக்புக் ப்ரோக்களைக் கொஞ்சம் தடிமனாக்கி, எடுத்துவிட்ட எச்.டி.எம்.ஐ. போர்ட்டையும் மெமரி கார்டு துளையையும் திரும்ப வைத்தது.

சுவர் நகர்ந்தது

2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்புடன் மேக்புக் ஏரை வெளியிட்டது. கைப்பேசிச் சிப்புகளின் வழியில் வளர்ந்தது அது. 5 நானோமீட்டர் தொழில்நுட்பம், 1,600 கோடி டிரான்சிஸ்டர்கள், ரேமும் அதே உறைக்குள். விசிறி இல்லாத 1.29 கிலோ கணினி, விசிறி வைத்த பல தடித்த கணினிகளை வேகத்தில் முந்தியது. மெல்லியது என்றால் மெதுவானது என்ற பழைய சமன்பாடு அன்றோடு ஆட்டம் கண்டது.

முழுக்க உடைந்துவிடவில்லை. அதே சிப்பை ஆப்பிள் விசிறி உள்ள மேக்புக் ப்ரோவிலும் போட்டது. சின்ன வேலைகளில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் நீண்ட வீடியோவைத் தயார் செய்வது போன்ற வேலையில், சில நிமிடங்களுக்குப் பிறகு ஏர் சூட்டுக்குப் பயந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ப்ரோ அதே வேகத்தில் ஓடும். சுவர் நகர்ந்திருக்கிறது, இடியவில்லை. பெரும்பாலோர் அந்தச் சுவர்வரை போவதே இல்லை என்பதுதான் மாற்றம்.

பில் இப்போது யாருக்கு?

அப்படியானால் கூழும் கிடைத்தது, மீசையும் நனையவில்லையா? பில் வேறு பெயரில் வருகிறது.

ஆஸ்போர்ன் காலத்தில் எடையைக் குறைக்கத் திரையைச் சுருக்கினார்கள். லிப்ரெட்டோ விசைகளைச் சுருக்கியது. எக்ஸ்505 வேகத்தைச் சுருக்கியது. இவையெல்லாம் முதல் நாளே வாங்கியவருக்குத் தெரியும் குறைகள். இன்றைய மெல்லிய கணினிகள் பலவற்றில் சுருங்குவது ஆயுள். ரேம் ஒட்டியது, பின்னால் கூட்ட முடியாது. சேமிப்பு ஒட்டியது, அது கெட்டால் போர்டோடு மாற்ற வேண்டும். பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். மாடல் 100-ல் பேட்டரி மாற்ற அரை நிமிடமும் சில்லறையும் போதும். அண்ணன் பயன்படுத்தியதைத் தம்பிக்குக் கொடுத்து, ரேம் கூட்டி, பேட்டரி மாற்றி இன்னும் மூன்று வருஷம் ஓட்டும் வீடுகளுக்கு இது பெரிய இழப்பு.

இதுவும் மாற்ற முடியாத விதி இல்லை. 2021ல் அமெரிக்காவில் ஃப்ரேம்வொர்க் என்ற புதிய நிறுவனம், 1.3 கிலோ எடையும் 16 மி.மீ.க்குக் குறைவான தடிமனும் கொண்ட மடிக்கணினியைச் செய்தது. ரேம், சேமிப்பு, பேட்டரி, விசைப்பலகை, போர்ட்டுகள்கூட ஒரு ஸ்க்ரூ ட்ரைவரால் கழற்றி மாற்றக்கூடியவை. 2008 ஏரைவிட அது எடையும் குறைவு, தடிமனும் குறைவு! ஐரோப்பிய ஒன்றியமும் 2023ல் கொண்டுவந்த பேட்டரி விதியில், கையில் எடுத்துச் செல்லும் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று சொல்லி, 2027 பிப்ரவரியைக் கெடுவாக வைத்தது. சில விதிவிலக்குகள் உண்டு.

ஆக, கடையில் தூக்கிப் பார்ப்பதில் தப்பில்லை. தினமும் தோளில் சுமக்கிற மாணவருக்கு அரைக் கிலோ பெரிய விஷயம்தான். ஆனால் கனம் குறைவாக இருக்கிறதே என்று மகிழும்போது, அந்தக் கனம் எங்கிருந்து போனது என்று விற்பவரிடம் ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது. ஃப்ளாப்பியிலிருந்து போனதா, விசிறியிலிருந்தா, விசையிலிருந்தா, அல்லது பேட்டரி மாற்றும் மூடியிலிருந்தா? வாங்குகிறவர் தினமும் தொடாத ஏதோ ஒன்றிலிருந்து போயிருந்தால், தாராளமாகப் பணத்தை எடுத்து நீட்டலாம்.